செம்பு நிறம் தட்டிய ஸ்டவ்

இந்த மாதத்தோடு நான் பட்டறையை விட்டுப் போகிறேன். கணவருக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்துவிட்டது. இரண்டாவது குழந்தைக்கு இன்னும் பல்கூட முளைக்கவில்லை. புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும், போவதற்கு முன்னால் வேலையைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி கேட்டீர்கள். வாஷரை எவ்வளவு நேரம் எண்ணெயில் ஊறவைப்பது, பர்னருக்குள் இறுகிப்போன கரியை எப்படி எடுப்பது என்பதெல்லாம் கை பழகப் பழக வந்துவிடும். அதை எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. நான் விற்றிருக்கவே கூடாத ஒரு ஸ்டவ்வை விற்றேன். அதை எழுதுகிறேன். இதை எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். எழுதாமல் போவது இன்னும் தப்பு என்று தோன்றியது.

கீழ்வேளூரில் நம் மாதர் சங்கம் இந்தப் பட்டறையைத் தொடங்கிய காலத்தில் பழைய பித்தளை பம்ப் ஸ்டவ்கள் நிறையக் கிடைத்தன. யாரிடம் எவ்வளவு நிலம் இருக்கலாம் என்று சட்டம் வந்து, ஊருக்கு ஊர் தகராறு நடந்துகொண்டிருந்த சமயம். பெரிய பண்ணை வீடுகளில் பாதிப் பேர் சென்னைக்குப் போய்விட்டார்கள். பரணில் கிடந்ததெல்லாம் கீழே இறங்கியது. நம் தாத்தாக்கள் காலத்தில் கப்பலில் வந்த சீமை ஸ்டவ்கள் அவை. வாங்கி, பிரித்து, சுத்தம் செய்து, புது வாஷரும் எண்ணெய் பீச்சும் நிப்பிளும் போட்டுக் கொடுத்தால் இன்னும் இருபது வருஷம் எரியும். விறகுப் புகையில் இருமிக்கொண்டிருந்த பெண்கள் தேடி வந்து வாங்கினார்கள்.

பம்ப் ஸ்டவ் எவ்வளவு நல்லதோ அவ்வளவு பொல்லாதது. உள்ளே காற்றை அடித்து, மண்ணெண்ணெயை நெருக்கி மேலே அனுப்புகிறோம். தொட்டியின் தகடு எங்காவது விட்டுக்கொடுத்தால் எண்ணெய் பீறிட்டு நெருப்பில் விழும். எதிரில் உட்கார்ந்திருப்பவள் ஒரு பெண்ணாகத்தான் இருப்பாள். அவள் மடியில் பெரும்பாலும் ஒரு குழந்தையும் இருக்கும்.

என் சுபாவம் உங்களுக்குத் தெரியும். வீட்டைப் பூட்டிவிட்டு வந்தால், பூட்டினேனா என்று தெருமுனையில் நின்று யோசிப்பேன். அப்போது என் மூத்த பெண்ணுக்கு ஒரு வயது. அவள் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். பட்டறையிலும் அப்படித்தான். தொட்டியைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது வழக்கம். எல்லோரும் ஒரு தடவை பார்ப்பார்கள். நான் மூன்று தடவை பார்ப்பேன். ஒரே வாரத்தில் மூன்று நல்ல ஸ்டவ்களைச் சந்தேகம் என்று தனியே எடுத்து வைத்தேன். அந்த ஸ்டவ்வை விற்ற அன்று காலைதான் சங்கச் செயலாளர் அம்மா எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"இப்படி எல்லாத்தையும் சந்தேகப்பட்டா பட்டறைய இழுத்து மூடிட்டு நாம ஊறுகாதான் போடணும். குமிழி வந்துச்சா, வரலையா? அத மட்டும் பாரும்மா. ஒம் பயத்தயெல்லாம் வீட்டுல வச்சிட்டு வா."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பயம் எது, கவனம் எது என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அன்று பதினோரு மணிக்கு வேம்பு வந்தாள். கிழக்கே நான்கு மைல் தள்ளி ஒரு ஊரில், தலைமுறையாகப் பண்ணை வேலை பார்த்துவந்த குடும்பம். கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நடந்தே வந்திருந்தாள். வரிசையாக இருந்த ஸ்டவ்களில் ஒன்றின் முன்னால் போய் நின்றாள்.

"இது எங்கூர்ப் பண்ண வீட்டுதுதானே?"

ஆமாம் என்றேன். பத்து நாள் முன்னால் அந்த வீட்டிலிருந்து வாங்கியதுதான்.

"இதையே குடுங்க."

"பக்கத்துல இருக்கறது இன்னும் பெருசுங்க. விலையும் ஒண்ணுதான்."

"வேணாங்க. இதான் வேணும்."

அந்த வீட்டில் அவள் வைக்கோல் கட்டு சுமந்து போயிருக்கிறாள், சாணி அள்ளியிருக்கிறாள். மாட்டுக்கொட்டகைக்கு மேல் ஒரு அடி எடுத்து வைத்ததில்லை. அந்த அடுப்பங்கரையிலிருந்து வந்த ஒரு பொருள் இப்போது அவள் வீட்டில் எரியப்போகிறது. இதை அவள் சொல்லவில்லை. ஸ்டவ்வைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது அவள் முகத்தில் இருந்தது.

அப்படிப் பளபளத்தது அது. மற்ற ஸ்டவ்கள் மஞ்சளாக இருக்க, இதன் அடி விளிம்பில் மட்டும் இளஞ்சிவப்பாக, செம்புபோல ஒரு நிறம். நானே அதை அழகு என்றுதான் நினைத்தேன். குமிழி வரவில்லை. ஆனால் விரலால் தட்டியபோது அடிப்பக்கத்தில் சத்தம் கொஞ்சம் மந்தமாகக் கேட்டது. கேட்டதா, கேட்டதாக நினைத்துக்கொண்டேனா? திரும்பிப் பார்த்தேன். செயலாளர் அம்மா மேசையில் இருந்தார். காலையில் வாங்கிய பேச்சு காதில் இருந்தது. சந்தேகத்தை விழுங்கிவிட்டு ஸ்டவ்வைக் கொடுத்துவிட்டேன்.

நான்காவது நாள் வேறு ஊர் ஸ்டவ் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அதன் அடியிலும் அதே செம்பு நிறம். துடைக்கும்போது கட்டைவிரலை ஊன்றினேன். தகடு பொரபொரவென்று உள்ளே போய்விட்டது.

அப்போதுதான் விளங்கியது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. புளி போட்டு நாள் தவறாமல் தேய்த்து, கழுவியும் கழுவாமலும் விட்டால் துத்தநாகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போய்விடுகிறது. மிஞ்சும் செம்பு பார்க்க அழகாக இருக்கும். உள்ளே வலு இருக்காது. குளிர்ந்த தண்ணீரில் குமிழி வராது. சூடேறி அழுத்தம் கூடும்போது என்றைக்கு விட்டுக்கொடுக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. நம் பக்கத்தில் ஒழுங்கான வீடு என்றால் பாத்திரம் பளிச்சென்று இருக்க வேண்டும். அந்த ஒழுங்குதான் தகட்டைத் தின்றிருந்தது. அழுக்கும் களிம்புமாக வந்த ஸ்டவ்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்த நாங்கள், பளபளத்தவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினோம்.

உடனே வேம்பு வீட்டுக்குப் போக வேண்டும் என்றேன். செயலாளர் அம்மா தடுத்தார்.

"அந்த ஊர்ல அறுப்பு நின்னு ஆறு நாள் ஆகுது. கூலிய ஏத்திக் குடுத்தாத்தான் அருவாளத் தொடுவோம்னு உக்காந்திருக்காங்க. ரோட்டுல போலீஸ் வேன் நிக்குது. பண்ண வீட்டு சாமானத் திருப்பிக் கேட்டு இப்ப நீ போனா என்ன நெனப்பாங்க? ஒரு வாரம் போகட்டும்."

ஒரு வாரம். அதாவது பதினான்கு தடவை அவள் அதைப் பற்றவைப்பாள். இன்னொன்றும் எனக்குத் தோன்றியது. கூரை வீடு. அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்தில் உழைப்பாளி வீட்டுக் கூரையில் தீப்பிடித்தால் அதை விபத்து என்று யாரும் நம்ப மாட்டார்கள். அதுவும் பண்ணை வீட்டிலிருந்து வந்த ஸ்டவ் வெடித்தது என்றால், ஒரு கூரையோடு நிற்காது.

மாமியார் திருவாரூர் போயிருந்தார். பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டேன். அப்படிப்பட்ட ஊருக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகலாமா என்று பஸ்ஸில் ஏறும் வரை யோசித்தேன், ஏறிய பிறகும் யோசித்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி வரப்பில் நடக்கும்போது இரண்டு பக்கமும் கதிர் முற்றிச் சாய்ந்து கிடந்தது. அறுக்க ஆளில்லை. போலீஸ்காரர் ஒருவர் எங்கே என்று கேட்டார். ஸ்டவ் ரிப்பேர் என்றேன். சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

வேம்பு வாசலில் குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் வேலைநிறுத்தத்தில் முன்னால் நிற்பவர்களில் ஒருவர்; இன்னும் நாலைந்து பேரோடு பூவரச மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அங்கேதான் இரண்டாவது தப்பைச் செய்தேன். தகடு கெட்டிருக்கிறது, தெரியாமல் விற்றுவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சங்கத்தின் பேர் என்ன ஆகும் என்று பார்த்தேன். மழுப்பினேன்.

"வாஷர் ஒண்ணு மாத்தணுங்க. குடுங்க, நாளைக்குக் கொண்டாந்து தந்துடறேன்."

புருஷன் எழுந்து வந்தார்.

"வாஷருக்காவா நாலு மைல் வந்தீங்க? இப்படித்தாம்மா, மனைப் பட்டாவப் பாத்துட்டு நாளைக்குத் தர்றேன்னு ஒருத்தர் வாங்கிட்டுப் போனாரு. ரெண்டு வருஷமாச்சு. அந்த நாளை இன்னும் வரல."

மரத்தடியில் சிரித்தார்கள். ஒருவர் உட்கார்ந்தபடியே சொன்னார்: "பண்ணையில சொல்லி அனுப்பியிருக்காங்கப்பா. நாம அறுப்ப நிறுத்துனா அவங்க நம்ம அடுப்ப நிறுத்துறாங்க."

"புள்ளயத் தூக்கிட்டுப் போனா நம்புவாங்கன்னு அதையும் சொல்லி அனுப்புனாங்களா?" என்றார் இன்னொருவர்.

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெண்ணும் அழ ஆரம்பித்தாள். வேம்பு அவளை என்னிடமிருந்து வாங்கி, தன் பிள்ளைக்குப் பக்கத்தில் பாயில் உட்காரவைத்து, ஒரு கொட்டாங்கச்சியைக் கையில் கொடுத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "என்னா விசயம்? நெசத்தச் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். அந்த நிறம், அந்தச் சத்தம், அன்று எனக்கு வந்த சந்தேகம், பேச்சு வாங்கிய கோபத்தில் அதை விழுங்கியது எல்லாவற்றையும் சொன்னேன்.

வேம்பு கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். "நாலு நாளா எரியுது. ஒண்ணும் ஆவலயே. அவங்க வீட்டுல முப்பது வருசம் எரிஞ்சது எங்க வீட்டுக்கு வந்ததும் கெட்டுப்போச்சாக்கும்?"

காட்டத்தான் முடியும் என்றேன். ஸ்டவ் வந்தது. எண்ணெயைக் கொட்டிவிட்டு, முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி, மேலே பர்னர் துளையை அடைத்து, பம்ப் செய்தேன். தண்ணீராக இருந்தால் பிய்த்துக்கொண்டாலும் ஆபத்தில்லை. ஐம்பது தடவை அடித்தேன். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

"பாத்தியா? கல்லு மாதிரி நிக்குது" என்றார் புருஷன். சுற்றிலும் கூட்டம் சேர்ந்திருந்தது. யாரோ கைதட்டினார்கள்.

அந்த நிமிஷத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும். சோதனை செய்தாகிவிட்டது. ஸ்டவ் தேறிவிட்டது. ஊரே சிரிக்கிறது. நான் தவறாக நினைத்திருக்கலாம் என்று என் மனசே சொன்னது. எத்தனையோ தடவை அப்படி ஆகியிருக்கிறது. பெண்ணைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குப் போயிருக்கலாம். யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இந்தத் தடவை சந்தேகம் வெறும் மனசில் இல்லை. கட்டைவிரல் உள்ளே போனது அந்த விரலில் இன்னும் இருந்தது. கிளம்ப முடியவில்லை.

"கூரான எதாவது இருக்கா?" என்று கேட்டேன்.

வேம்பு உள்ளே போய்க் கூரையில் செருகியிருந்த கோணி ஊசியை எடுத்துவந்தாள். நெல் மூட்டை தைக்கிற ஊசி. கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஓட்டை விழுந்தா?"

"எந் தப்பு. வேற நல்ல ஸ்டவ் நானே கொண்டாந்து தருவேன்."

"விழலன்னா?"

"நீங்க எல்லாம் சொல்றபடி நான் அந்த வீட்டு ஆளுன்னே வச்சுக்குங்க. இனிமே இந்தப் பக்கம் வரல."

ஊசியைக் கொடுத்தாள். புருஷன் ஸ்டவ்வைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். அடியின் நடுவில் அழுத்தினேன். இறங்கவில்லை. கொஞ்சம் தள்ளி அழுத்தினேன். வெறும் கீறல்தான். "ம்ச்" என்று பின்னால் ஒருவர் உச்சுக் கொட்டினார். விளிம்பில், செம்பு நிறம் ஏறியிருந்த இடத்தில் வைத்து அழுத்தினேன்.

காய்ந்த இலையில் குத்தியதுபோல ஊசி உள்ளே போனது. வெளியே இழுத்ததும் தண்ணீர் கம்பியாகப் பீறிட்டு, ஐந்தடி தாண்டிக் கீற்றுச் சுவரில் அடித்தது. நின்று ஓய வெகுநேரம் ஆனது. சுவரில் நனைந்த இடம் பெரிதாகிக்கொண்டே போனது. அதற்குக் கீழே பாயில் இரண்டு குழந்தைகளும் உட்கார்ந்து கொட்டாங்கச்சிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

புருஷன் ஸ்டவ்வை மெதுவாகக் கீழே வைத்தார். வேம்புதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"இன்னொண்ணு எங்க?"

எனக்குப் புரியவில்லை.

"சோடியில்ல இது? கொல்ல மதில்ல ரெண்டையும் தேச்சுக் கவுத்துக் காய வச்சிருப்பாங்க. நாந்தான் வைக்கோல் எடுத்துட்டுப் போறப்ப பாத்திருக்கேனே. ஒண்ணு இங்க வந்துச்சு. இன்னொண்ணு எங்க?"

அந்த வீட்டுக்கு வாங்கப் போன எங்களுக்கு ஒரு ஸ்டவ்வைத்தான் காட்டினார்கள். நாங்கள் கேட்கவில்லை. எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை. என் தப்பைச் சரிசெய்துவிட்டோம் என்கிற நிம்மதியில் இருந்தேன்.

"அந்த மருமவளுக்குக் கைப்புள்ள இருக்கு. போய்ச் சொல்லுங்க" என்றாள் வேம்பு.

"அடியே, அவங்களுக்கு என்னாத்துக்கு..." என்று ஆரம்பித்தார் புருஷன்.

"நீ சும்மா இருய்யா. கூலி வேற, இது வேற."

பெண்ணைத் தூக்கிக்கொண்டு பண்ணை வீட்டுக்குப் போனேன். வேம்புவின் கோணி ஊசியும் கையில் இருந்தது. அந்த வீட்டு அம்மா கதவைப் பாதி திறந்து நின்றார். ஊரில் அப்போது அவர்களும் பயந்துதான் இருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னொரு ஸ்டவ் இருக்குன்னு ஒனக்கு யாரும்மா சொன்னா?"

வேம்பு பேரைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் அவளுக்கு எதுவும் கெடுதல் வருமா? சொல்லாவிட்டால் அவள் செய்ததை நான் செய்ததாக ஆகிவிடாதா? கடைசியில் சொன்னேன்.

"வேம்பு சொன்னாங்க. போய்ச் சொல்லச் சொல்லி அனுப்பினதும் அவங்கதான்."

அந்த அம்மா உள்ளே திரும்பிப் பார்த்தார். மருமகள் குழந்தையைத் தோளில் போட்டபடி உள்ளேயிருந்து ஸ்டவ்வைக் கொண்டுவந்து வைத்தாள். இன்னும் சூடு முழுதாக ஆறவில்லை. பால் காய்ச்சிய வாசனை இருந்தது. எண்ணெயை வடித்துவிட்டு விளிம்பில் ஊசியை வைத்தேன். இரண்டாவது குத்திலேயே இறங்கியது.

"நல்லா வச்சுக்கணும்னுதானே தேச்சோம்" என்றார் அந்த அம்மா. என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை. அந்த ஓட்டையில் விரல் நுனியை வைத்துத் தடவினார்.

மறுநாள் பெண்ணையும் வேறு ஒரு ஸ்டவ்வையும் தூக்கிக்கொண்டு வேம்பு வீட்டுக்குப் போனேன். இரவெல்லாம் உட்கார்ந்து தேர்ந்தெடுத்த ஸ்டவ். தண்ணீரில் அமுக்கியாயிற்று, தட்டியாயிற்று, ஊசியால் பத்து இடத்தில் அழுத்தியாயிற்று. செயலாளர் அம்மாவும் இந்தத் தடவை தடுக்கவில்லை. விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். பண்ணை வீட்டு ஸ்டவ்விலும் ஊசி இறங்கியதை வேம்புவிடம் சொன்னேன்.

"அதுக்காவ கூலிய ஏத்திட்டாங்களாமா?" என்றார் புருஷன். வேம்பு அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் சிரித்துவிட்டு வெளியே போய்விட்டார்.

பற்றவைத்துக் காட்டுவதற்காகப் பம்ப்பைப் பிடித்தேன். வேம்பு என் கையை விலக்கினாள்.

"அந்த ஊசியக் குடுங்க."

"நான் பாத்துட்டுத்தாங்க கொண்டாந்தேன். பத்து எடத்துல."

"அன்னிக்கும் பாத்துட்டுத்தானே குடுத்தீங்க?"

கொடுத்தேன். ஸ்டவ்வை மடியில் கவிழ்த்துப்போட்டுக்கொண்டு அழுத்திப் பார்க்க ஆரம்பித்தாள். என்னைவிடப் பலமான கை. மூட்டை தைத்துப் பழகிய கை. நான் பார்க்காத இடமெல்லாம் பார்த்தாள். பம்ப் குழாய் தொட்டியோடு சேருகிற இடுக்கு, எண்ணெய் ஊற்றும் வாயின் அடி. எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது, கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்விட்டது. மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது என் மனசை ஆற்றிக்கொள்ளக் கேட்டதாகத்தான் இருந்திருக்கும்.

அந்த வாரத்திலிருந்துதான் நம் பட்டறையில் வாங்க வருகிறவர் கையில் கோணி ஊசியைக் கொடுக்கிறோம். மேலே கீறல் விழுகிறது என்று உங்களில் ஒருவர் சொன்னீர்கள். விழட்டும். சிலர் கூச்சப்பட்டு, நீங்க பார்த்தால் போதாதா என்பார்கள். போதாது என்று சொல்லுங்கள். அவர்கள் குத்தி முடிக்கும் வரை பக்கத்தில் நில்லுங்கள். அவசரப்படுத்தாதீர்கள்.

வேம்பு கடைசிக் குத்தையும் குத்திவிட்டு, தொட்டியை முந்தானையால் துடைத்து, நிமிர்த்தி வைத்தாள். ஊசியைக் கூரையில் செருகினாள். எண்ணெய் ஊற்றினாள். தன் பிள்ளையையும் என் பிள்ளையையும் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரையும் வெளிய தூக்கிட்டுப் போய் நில்லுங்க" என்றாள்.

நான் இரண்டு குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். உள்ளே அவள் பம்ப் அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு தீக்குச்சி உரசும் சத்தம். ஸ்டவ் சீராக இரைய ஆரம்பித்தது. அவள் உள்ளே வரச் சொல்லிக் கூப்பிடும் வரை வாசலிலேயே நின்றோம்.